ஜப்பானியச் சொல்லின் இன்னொரு அர்த்தத்தைப் பிடிப்பது எப்படி: 'அமய்'யை வைத்து ஒரு வழி

ஜப்பானிய மொழி படிக்க ஆரம்பித்த முதல் சில வாரங்களிலேயே 'அமய்' வந்துவிடும். கேக் அமய், மாம்பழம் அமய், இந்தக் காபி ரொம்ப அமய். நோட்டில் பக்கத்திலேயே 'இனிப்பு' என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவோம். ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் முதல் படியான என்5க்கு அது போதும். ஆனால் சென்னையில் இந்த மொழியை வேலைக்காகப் படிக்கிறவர்கள் நிறையப் பேர். ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரு ஜப்பானிய எஞ்சினியர் போல்ட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு 'ஷிமெத்சுகே கா அமய்' என்பார். ஓஎம்ஆரில் ஒரு ஆன்லைன் மீட்டிங்கில் டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு 'செக்கு கா அமய்' என்பார்கள். போல்ட் எப்படி இனிக்கும், செக்கிங் எப்படி இனிக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போயிருக்கும்.

நேர்ப் பொருளும் அதிலிருந்து விரிந்த பொருள்களும் உள்ள இந்த மாதிரிச் சொற்களுக்கு ஒரு படிப்பு முறை இருக்கிறது. அகராதியில் இருக்கிற பத்து அர்த்தத்தையும் வரிசையாக மனப்பாடம் செய்வது பலன் தராது. சொல்லுக்கு முன்னால் எந்தப் பெயர்ச்சொல், எந்த உருபு வந்து நிற்கிறது என்று பார்க்கப் பழகினால் அர்த்தம் தானாகப் பிரிந்து நிற்கும். 'அமய்'யை எடுத்து முழுசாகச் செய்து காட்டுகிறேன், அதே வழியில் மற்ற சொற்களை நீங்களே செய்துகொள்ளலாம்.

முதலில் எழுத்து பற்றி ஒரு வார்த்தை. நான் இங்கே தமிழ் எழுத்தில் எழுதுவது படிக்கிற வசதிக்காக மட்டும்தான், உங்கள் நோட்டில் ஹிரகானா என்ற ஜப்பானிய எழுத்திலேயே எழுதுங்கள். தமிழில் க என்ற ஒரே எழுத்து பல ஒலிகளுக்கு நிற்கிறது, ஜப்பானியத்திலோ அந்த வித்தியாசம் அர்த்தத்தையே மாற்றும். இந்தக் கட்டுரையில் வரும் 'கா' என்ற உருபைக் காந்தி என்பதில் வரும் முதல் எழுத்து மாதிரி வாசிக்க வேண்டும். 'அமய்' என்பதை அ, ம, இ என்று ஒரே அளவான மூன்று தட்டாகச் சொல்ல வேண்டும். நாம் பேச்சில் 'மழை'யை 'மழெ' என்று சுருக்குவது போல இதன் கடைசியைச் சுருக்கக் கூடாது.

சரி, முதல் வேலை, நேர்ப் பொருளை நன்றாக இறுக்கிக்கொள்வது. இதைத் தெரிந்த விஷயம் என்று தாண்டிப் போகாதீர்கள், ஏனென்றால் நாக்கில் தெரியும் சுவையிலேயே 'அமய்' நம் 'இனிப்பு'க்குள் அடங்காது. ஜப்பானிய சூப்பர் மார்க்கெட்டில் சால்மன் மீன் பாக்கெட்டின் மேல் 'அமஜியோ' என்று போட்டிருக்கும். பிரித்தால் அமய் சேர்த்த உப்பு. மீனில் சர்க்கரை எதுவும் போடவில்லை, உப்பு குறைவாகப் போட்டது என்பதுதான் பொருள். கறி ரூ கட்டி (ஜப்பானியக் 'கறி' குழம்புக்கான மசாலாக் கட்டி) விற்கிற பெட்டிகளில் அமகுச்சி, சூகரா, கரகுச்சி என்று மூன்று வகை இருக்கும். இங்கே அமகுச்சி என்றால் காரம் குறைந்தது, சூகரா நடுத்தரம், கரகுச்சி காரம் கூடியது. (நம் ஊர் நாக்குக்குக் கரகுச்சியே காரமாகத் தெரியாது, அது வேறு விஷயம்.) சாக்கே மதுபாட்டிலில் அதே 'கரகுச்சி' என்று போட்டிருந்தால் மிளகாய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, இனிப்பு குறைந்தது என்று பொருள். ஆக, அமய் சர்க்கரையை மட்டும் குறிப்பதில்லை. நாக்கைக் கடிக்கிற உப்போ உறைப்போ குறைவாக இருப்பதையும் குறிக்கிறது. இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் எல்லா அர்த்தத்துக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

அடுத்து, சொல்லுக்கு முன்னால் பார்க்கிற வேலை. இதில் தமிழ் தெரிந்தவர்களுக்கு உண்மையிலேயே ஒரு வசதி உண்டு. நமக்கு வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் வருவது பிறவிப் பழக்கம், வினை கடைசியில் வருவதும் அப்படியே. தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் பிறப்பிலேயே உறவு உண்டு என்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் பல வருடங்கள் எழுதினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. நானும் அந்த வாதத்தை நம்பி ஒலி ஒற்றுமையை வைத்துச் சொற்களை மனப்பாடம் செய்யச் சொல்ல மாட்டேன். ஆனால் வாக்கியம் கட்டுகிற விதம் பெருமளவு ஒத்துப்போகிறது, அந்த வசதியை விட வேண்டியதில்லை.

'நி' என்ற உருபு வந்தால் ஆளைப் பாருங்கள். 'மகோ நி அமய்' என்றால் பேரக்குழந்தைகளிடம் கண்டிப்பே இல்லாதவர், செல்லம் கொடுக்கிறவர். 'கொதொமோ நி அமய்' என்றால் பிள்ளைகளிடம் அப்படி. 'ஜிபுன் நி அமக்கு, தனின் நி கிபிஷீ' என்று ஒரு பேச்சு உண்டு: தனக்கு என்றால் விட்டுக்கொடுப்பார், அடுத்தவர் என்றால் கறார். யார் மேல் அந்த இளக்கம் விழுகிறதோ அவரோடு 'நி' ஒட்டிக்கொள்கிறது, நாம் 'பேரன்கிட்ட', 'தனக்கு' என்று சொல்லும் இடம் இது.

'கா' வந்தால் பொருளையோ வேலையையோ பாருங்கள். எது சரியாக இறுக்கப்படவில்லையோ, எதில் ஓட்டை இருக்கிறதோ, அது 'கா'வுக்கு முன்னால் நிற்கும். 'ஷிமெத்சுகே கா அமய்' என்றால் முடுக்கியது போதவில்லை. 'பின்ட்டோ கா அமய்' என்றால் போட்டோவில் ஃபோகஸ் கூர்மையாக இல்லை. 'கக்குனின் கா அமய்' என்றால் சரிபார்த்தது போதாது. 'மிதோஷி கா அமய்' என்றால் நடக்கப்போவதைக் கணக்குப் போட்டதில் அசட்டு நம்பிக்கை இருக்கிறது. 'கங்கஎ கா அமய்' என்றால் யோசனையே அவ்வளவுதான், உலகம் தெரியாமல் யோசித்திருக்கிறாய் என்று அர்த்தம். வாத்தியார் மார்க்கை அள்ளிப் போட்டால் 'சாய்தென் கா அமய்', அதாவது திருத்துவதில் கறார் இல்லை.

இந்தக் குடும்பத்தில் இரண்டு தொடர்கள் விளையாட்டிலிருந்து வந்தவை, அவற்றின் கதையோடு படித்தால் மறக்கவே மறக்காது. 'வக்கி கா அமய்' என்பது சுமோ மல்யுத்தத்திலிருந்து வந்தது. வக்கி என்றால் அக்குளை ஒட்டிய பக்கம். கையை உடம்போடு ஒட்டி வைக்காமல் அக்குளைத் தளர விட்டால் எதிராளி உள்ளே கையை நுழைத்து இடுப்புக் கச்சையைப் பிடித்துவிடுவான். அதனால் தற்காப்பில் கவனமில்லாத ஆளைச் சொல்ல இந்தத் தொடர் வந்தது, ஏதோ ஒரு விவகாரத்தில் அஜாக்கிரதையாக மாட்டிக்கொள்ளும் அரசியல்வாதியைப் பற்றிய செய்திகளில் அடிக்கடி பார்க்கலாம். இன்னொன்று 'த்சுமே கா அமய்'. ஷோகி என்ற ஜப்பானியச் சதுரங்கத்தில் ராஜாவை மடக்கும் கடைசிக் கட்டத்துக்கு த்சுமே என்று பெயர். ஆட்டம் முழுக்க நன்றாக ஆடிவிட்டு முடிக்கிற இடத்தில் கோட்டை விடுவது த்சுமே கா அமய். எல்லா வேலையையும் முடித்துவிட்டு டெலிவரிக்கு முந்தின நாள் ஒரு விஷயத்தைப் பார்க்காமல் விடுகிறோமே, அதற்கு ஜப்பானிய ஆபீஸில் இந்தத் தொடர்தான் வரும்.

பேஸ்பாலில் 'அமய் தமா' என்று ஒரு பேச்சு உண்டு, தமா என்றால் பந்து. அடிக்க வசதியாக நடுவில் வந்து விழுந்த பந்து. நாமும் சேப்பாக்கத்தில் மேட்ச் பார்க்கும்போது 'லட்டு மாதிரி போட்டான்' என்கிறோம். ஆனால் கவனியுங்கள், நம் லட்டு பேட்ஸ்மேன் வாயில் விழுகிறது, ஜப்பானிய அமய் பந்து வீசியவனுடைய குறை. வீச்சில் கறார் போதவில்லை என்கிறார்கள். 'அமய்' இந்த மாதிரி இடங்களில் எந்தப் பக்கம் நின்று பேசுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது உருபு 'ஒ'. 'அய்தே ஒ அமக்கு மிரு' என்றால் எதிராளியை அமயாகப் பார்ப்பது, அதாவது குறைத்து எடைபோடுவது. (அமக்கு என்பது அமய்யின் வினையடை வடிவம்.) இதுவும் சாதாரணப் பேச்சில் நிறைய வரும்.

இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். உப்பு குறைந்த மீன், செல்லம் கொடுக்கிற தாத்தா, முடுக்காத போல்ட், மங்கலான போட்டோ, திறந்து கிடக்கிற அக்குள். எல்லாவற்றிலும் இருக்க வேண்டிய கடுமையோ இறுக்கமோ இல்லை. அந்த ஒரு இழையை உங்கள் சொந்த வார்த்தையில் ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். நான் 'கறார் போதவில்லை' என்று எழுதி வைத்திருக்கிறேன். அகராதியிலிருந்து அந்த வரியை எடுக்காதீர்கள், உதாரணங்களை வரிசையாக வைத்துப் பார்த்து நீங்களே கண்டுபிடித்தால்தான் புதிதாக ஒரு தொடர் வரும்போது ஊகிக்கிற திறமை வரும்.

இங்கே தமிழர்கள் விழுகிற பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. நமக்கு இனிமை என்றாலே நல்லது. இனிய மனிதர், இனிமையான சுபாவம், இனிய நினைவு. அதே பழக்கத்தில் ஒரு ஜப்பானியரைப் பாராட்டுகிறோம் என்று நினைத்து 'அமய் ஹிதோ' என்றால், கண்டிப்பில்லாதவர் அல்லது விவரம் போதாதவர் என்று அவர் காதில் விழும். அன்பானவர் என்று சொல்ல 'யசஷீ' என்ற சொல் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். நல்ல அர்த்தத்தில் அமய் வருகிற இடங்களும் உண்டு, அவை பெரும்பாலும் புலன்களைச் சேர்ந்தவை: அமய் கஓரி என்றால் இனிய வாசனை, அமய் கொஎ என்றால் மயக்கும் குரல். 'அமய் கொதொபா' என்ற இனிக்க இனிக்கப் பேசும் பேச்சுக்கு வரும்போதே கொஞ்சம் உஷார் தேவைப்படும், தேன் தடவிய பேச்சு என்று நாம் சொல்கிற அதே எச்சரிக்கை அதிலும் இருக்கிறது.

அர்த்தம் பிரிந்துவிட்டதா என்று சோதிக்க எதிர்ச்சொல் கேட்டுப் பாருங்கள். காபி அமய் என்றால் எதிர் நிகய், கசப்பு. கறி அமய் என்றால் எதிர் கரய், காரம். அப்பா அமய் என்றால் எதிர் கிபிஷீ, கண்டிப்பு. மார்க் போடுவது அமய் என்றால் எதிர் மறுபடி கரய்: 'தென் கா கரய்' என்றால் மார்க் போடுவதில் கஞ்சத்தனம். ஒரே சொல்லுக்கு இடத்துக்கு ஒரு எதிர்ச்சொல் வந்தால் அவை வேறு வேறு அர்த்தங்கள் என்று உறுதியாகிவிடும். இதில் ஒரு சுவாரசியமான இடம் 'அமதோ' என்ற சொல். இனிப்புப் பிரியர் என்று அர்த்தம். அதன் எதிர் 'கரதோ'வை நாம் காரப் பிரியர் என்றுதான் ஊகிப்போம், வழக்கத்தில் அது மதுப் பிரியர். இது ஊகத்தில் வராது, அகராதி பார்த்தே ஆக வேண்டும்.

அகராதி என்றதும் சொல்லிவிடுகிறேன். ஜிஷோ தளம் எல்லோரும் பயன்படுத்துவது, ஆரம்பத்துக்கு நல்லது. ஆனால் அதில் அர்த்தங்கள் ஆங்கிலச் சொற்களாக வரிசையில் நிற்குமே தவிர எந்த அர்த்தம் எந்தப் பெயர்ச்சொல்லோடு வரும் என்பது சரியாகத் தெரியாது. என்3 அளவு வந்துவிட்டால் கொதொபாங்க் மாதிரி தளத்தில் ஜப்பானியத்திலேயே இருக்கும் அகராதிக்குப் போங்கள், ஒவ்வொரு அர்த்தத்துக்கும் எண் போட்டு உதாரணத் தொடர் கொடுத்திருப்பார்கள், முதலில் உதாரணங்களை மட்டும் படித்தாலே பாதி வேலை முடியும். அதைவிட எனக்குப் பிடித்தது ஜப்பானிய மொழிக்கான தேசிய ஆய்வு நிறுவனம் இலவசமாக வைத்திருக்கும் என்எல்பி (NLB) என்ற தேடல் கருவி. சுமார் 10 கோடிச் சொற்கள் கொண்ட எழுத்துத் தொகுப்பிலிருந்து, ஒரு சொல்லுக்கு முன்னும் பின்னும் என்ன வருகிறது என்று உருபு வாரியாகப் பிரித்து, எத்தனை முறை வருகிறது என்ற எண்ணிக்கையோடு காட்டும். அமய்யைத் தேடி 'கா' வரிசையைத் திறந்து பாருங்கள், மேலே சொன்ன தொடர்களோடு நீங்கள் கேள்விப்படாத பலவும் கிடைக்கும். அதில் அடிக்கடி வருவதாக ஐந்தாறு எடுத்தால் போதும், எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வராதீர்கள்.

எடுத்ததை அங்க்கி என்ற அட்டைப் பயிற்சிச் செயலியிலோ காகித அட்டையிலோ போடும்போது ஒரு பக்கம் 'அமய்', மறுபக்கம் பத்து அர்த்தம் என்று போடுவது வீண். ஒரு அர்த்தத்துக்கு ஒரு அட்டை. முன்பக்கத்தில் தமிழில் ஒரு நிலைமையை எழுதுங்கள்: 'ரிலீஸுக்கு முன்னால் கடைசி நேரத்தில் ஒரு பைலை அனுப்ப மறந்துவிட்டோம், மேனேஜர் என்ன சொல்வார்?' பின்பக்கத்தில் முழுத் தொடர்: 'த்சுமே கா அமய்'. அப்போதுதான் பெயர்ச்சொல், உருபு, உரிச்சொல் மூன்றும் ஒன்றாக வாயில் வரும். தாம்பரத்திலிருந்து பீச் வரை மின்சார ரயிலில் வருகிறவர்கள் அந்த நேரத்துக்குள் ஒரு சொல்லின் எல்லா அட்டையையும் இரண்டு மூன்று முறை சுற்றிவிடலாம். வாய்க்குள்ளாவது முணுமுணுத்துப் பாருங்கள், கண்ணால் மட்டும் பார்த்தால் பேசும்போது உருபு மாறிவிடும்.

வினைச்சொற்களை விட்டுவிடாதீர்கள். 'அமயகசு' என்றால் செல்லம் கொடுத்துக் கெடுப்பது. 'அமன்ஜிரு' என்றால் மனசுக்கு முழுசாகப் பிடிக்காவிட்டாலும் கிடைத்ததை ஏற்றுக்கொள்வது, இரண்டாம் இடத்தோடு திருப்திப்பட்டுக்கொள்வது மாதிரி. இது எழுத்தில்தான் அதிகம், பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் 'அமஎரு' மிக முக்கியம். குழந்தை அம்மாவிடம் உரிமையோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சுவது, அடுத்தவர் அன்பை நம்பிச் சலுகை எடுத்துக்கொள்வது இரண்டும் இதில் வரும். இதன் பெயர்ச்சொல்லான 'அமஎ'வை வைத்து தகேஓ தோய் என்ற மனநல மருத்துவர் 1971இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார், ஜப்பானிய மனத்தைப் பற்றிய பேச்சில் அது இன்றைக்கும் வருகிறது. உங்களுக்கு உடனே பயன்படுவது 'ஒக்கொதொபா நி அமஎத்தே' என்ற மரியாதைத் தொடர். ஒரகடத்திலிருந்து சிட்டிக்குத் திரும்பும்போது ஜப்பானிய மேனேஜர் 'என் காரிலேயே வாங்களேன்' என்கிறார். உடனே சரி என்று ஏறுவதைவிட, 'தேவா, ஒக்கொதொபா நி அமஎத்தே' (தேவா என்றால் 'அப்படியானால்') என்று சொல்லி ஏறினால் நீங்கள் அப்படிச் சொல்வதால் அந்த உரிமையை எடுத்துக்கொள்கிறேன் என்ற பணிவு சேர்ந்துவிடும். இதில் அமய்யின் குறை சொல்லும் தொனி கொஞ்சமும் இல்லை.

யார் யாரிடம் சொல்லலாம் என்பதையும் அட்டையில் ஒரு மூலையில் குறித்து வையுங்கள். மேலதிகாரி கீழே இருப்பவரிடம் 'கக்குனின் கா அமய்' என்று சொல்லலாம். நீங்கள் மேலதிகாரியிடமோ வாடிக்கையாளரிடமோ சொல்லவே கூடாது, கைநீட்டிக் குற்றம் சாட்டுவதாகிவிடும். உங்களைப் பற்றி நீங்களே சொல்வதில் தடையில்லை: 'கங்கஎ கா அமகத்தா தெசு', யோசித்தது போதவில்லை என்று பொறுப்பேற்றுக்கொள்ளும் நல்ல வாக்கியம், டீமுக்குள் தாராளமாகப் பயன்படுத்தலாம். வாடிக்கையாளருக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் அதற்குப் பதிலாக 'கக்குனின் ஃபுஜூபுன் தெஷித' என்று போடுங்கள், சரிபார்ப்பு போதுமானதாக இல்லை என்று அதையே முறையாகச் சொல்வது.

ஜேஎல்பிடி எழுதுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. சென்னையிலேயே மையம் இருக்கிறது. என்5ஐத் தவிர மற்ற எல்லா நிலைகளிலும் சொற்பகுதியில், ஒரு சொல்லைக் கொடுத்து நான்கு வாக்கியத்தில் எதில் அது சரியாக வந்திருக்கிறது என்று கேட்கும் கேள்வி உண்டு. தவறான மூன்று வாக்கியங்களும் மொழிபெயர்த்துப் பார்த்தால் சரியாகத்தான் தோன்றும், கூட வரும் பெயர்ச்சொல்தான் பொருந்தாது. இந்த முறையில் படித்தவர்களுக்கு அந்த இடம் காதுக்கே உறுத்தும்.

அடுத்த பயிற்சிக்கு 'ஷிபுய்' எடுத்துக்கொள்ளுங்கள். நேர்ப் பொருள் துவர்ப்பு, பழுக்காத பெர்சிமன் பழத்தைக் கடித்தால் வாயை இழுக்கிற அந்தச் சுவை. ஷிபுய் கஓ என்றால் பிடிக்காத விஷயத்தைக் கேட்டுச் சுளிக்கிற முகம், பணத்தில் ஷிபுய் என்றால் கஞ்சம், நிறத்திலோ குரலிலோ ஷிபுய் என்றால் பளபளப்பில்லாத ஆழ்ந்த அழகு, அது பெரிய பாராட்டு. ஒரே துவர்ப்பு எப்படித் திட்டாகவும் பாராட்டாகவும் போனது என்று உங்கள் வரியில் எழுதிப் பாருங்கள். முதலில் என்எல்பியில் ஷிபுய்க்குப் பின்னால் வரும் பெயர்ச்சொற்களைப் பாருங்கள், ஏனென்றால் இந்தச் சொல்லில் முன்னால் வருவதைவிடப் பின்னால் வருவதுதான் அர்த்தத்தை அதிகம் பிரிக்கிறது.